எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் வாய்ப்புண்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்காகத் தனி அறையில் இருக்கும் நோயாளியிடம் 'எங்கே அதிகமாக வலிக்கிறது?' என்று கேட்டால், பலர் வாயைத்தான் காட்டுவார்கள். பேச முடியாது, எச்சில் விழுங்க முடியாது, பிடித்த கஞ்சியைக்கூடப் பார்க்கப் பிடிக்காது. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் உம்மாவும் வாப்பாவும் தவித்துப் போகிறார்கள். உறவினர்கள் ஊரிலிருந்து தேன் கொண்டு வருகிறார்கள். உம்ரா போய் வந்தவர் ஜம்ஜம் தருகிறார். இன்னொருவர் புது மிஸ்வாக் குச்சி வாங்கி வருகிறார். நர்ஸ் மூன்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். அங்கேதான் மனவருத்தம் தொடங்குகிறது. 'நம் மார்க்கத்தை மதிக்கவில்லை' என்ற பேச்சும் எழுகிறது.

இந்த வருத்தம் தேவையற்றது. அந்தச் சில வாரங்களில் நோயாளியின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், நர்ஸ் ஏன் தடுத்தார் என்பது விளங்கும். நோயாளியைக் காப்பதில் மார்க்கமும் மருத்துவமும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன என்பதும் விளங்கும்.

சிகிச்சை என்ன செய்கிறது?

நம் இரத்த அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. இரத்தப் புற்றுநோய், தலசீமியா, அப்லாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களில் இந்த உற்பத்தி இடமே பழுதாகிவிடுகிறது. பழுதான மஜ்ஜையை அகற்றிவிட்டு ஆரோக்கியமான ஸ்டெம் செல்களை இரத்தத்தின் வழியே செலுத்துவதுதான் இந்த சிகிச்சை. செல்கள் நோயாளியிடமிருந்தே முன்கூட்டி எடுத்து வைக்கப்பட்டவையாக இருக்கலாம்; அல்லது உடன்பிறந்தவர் போன்ற கொடையாளரிடமிருந்து பெற்றவையாக இருக்கலாம். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவருக்கிடையே முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1957ல் இந்த முறையைப் பற்றிய ஆரம்ப அறிக்கையை வெளியிட்டார். 1990ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இது தொடங்கியது. தமிழகத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1986லிருந்து செய்து வருகிறது.

புதிய செல்களைச் செலுத்துவதற்கு முன் மெல்ஃபலான், புசல்ஃபான் போன்ற மருந்துகள் மிக அதிக அளவில் கொடுக்கப்படும். சிலருக்கு உடல் முழுவதும் கதிர்வீச்சும் தரப்படும். வேகமாகப் பெருகும் செல்களை இவை அழிக்கின்றன. புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகுபவை என்பதால் அழிகின்றன. வாயின் உட்புறத் தோலும் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே அதுவும் இந்த மருந்தில் அடிபடுகிறது. தலைமுடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் ஒரே காரணத்தால்தான்.

வாயில் குடியிருப்பவை

மனித வாயில் வாழக்கூடிய பாக்டீரியா வகைகளாகச் சுமார் 700 இதுவரை அறியப்பட்டுள்ளன. ஒருவர் வாயில் இவற்றில் ஒரு பகுதி இருக்கும். பூஞ்சைகளும் வைரஸ்களும் உடன் உண்டு. இந்தக் கூட்டத்தை மைக்ரோபயோம், அதாவது நுண்ணுயிர்க் குடியிருப்பு என்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இனத்தைச் சேர்ந்த பல வகைகள் ஆரோக்கியமான வாயில் பெரும்பான்மையாக இருந்து இடத்தைப் பிடித்து வைத்திருப்பதால், கெட்ட கிருமிகளுக்கு அங்கே வேரூன்ற இடம் கிடைப்பதில்லை.

இந்தக் குடியிருப்பை ஒழுங்கில் வைத்திருப்பவை மூன்று. உமிழ்நீர் ஒன்று: அது ஓடிக்கொண்டே இருந்து கழுவுகிறது, கிருமியை எதிர்க்கும் பொருட்களும் அதில் உண்டு. வாயின் உட்தோல் இரண்டாவது: அது மதில் சுவர். இரத்த வெள்ளையணுக்கள் மூன்றாவது: அவை காவலாளிகள். அல்லாஹ் நம் உடலில் அமைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நாம் வாழ்நாளில் ஒருநாள்கூட நினைத்துப் பார்ப்பதில்லை. அது குலையும்போதுதான் தெரிகிறது.

ஒழுங்கு குலையும்போது

மாற்று சிகிச்சையில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் பலவீனமாகின்றன. உமிழ்நீர் குறைந்து கெட்டியாகிறது. உட்தோல் மெலிந்து உரிகிறது. வெள்ளையணுக்களில் முக்கியமான நியூட்ரோஃபில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. போதாததற்கு, காய்ச்சலுக்காகத் தரப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகள் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிக்கின்றன. வாய்வழி உணவும் நின்றுபோகிறது.

சிகிச்சைக்கு முன்பும் பின்பும் நோயாளிகளின் உமிழ்நீரையும் நாக்கின் மேற்பரப்பையும் எடுத்து, அதிலுள்ள கிருமிகளின் மரபணுவைப் படித்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். பல வகைகள் கலந்திருந்த குடியிருப்பு சில வகைகளுக்குச் சுருங்கிவிடுவதை அவர்கள் காண்கிறார்கள். வழக்கமாக இருப்பவை குறைகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும் கேண்டிடா என்ற பூஞ்சையும் சில நோயாளிகளில் தலைதூக்குகின்றன. உடலுக்குள் பல்லாண்டுகளாக உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வைரஸும் விழித்துக்கொள்வதுண்டு. அதனால்தான் பல நோயாளிகளுக்கு அதற்கெதிரான மாத்திரை முன்னெச்சரிக்கையாகத் தரப்படுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக விளங்க வேண்டும். புண்ணைத் தொடங்கி வைப்பது கிருமி இல்லை, மருந்தும் கதிர்வீச்சும்தான். அவை உட்தோலின் அடி அடுக்கில் உள்ள செல்களைத் தாக்குகின்றன. அடிபட்ட திசு அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது, அழற்சி பெருகுகிறது, தோல் பிளந்து புண்ணாகிறது. அதன் பிறகே கிருமிகள் புண்ணில் குடியேறி அழற்சியை மேலும் கூட்டுகின்றன. அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் ஸ்டீபன் சோனிஸ் இதை ஐந்து கட்டங்களாக விளக்கியுள்ளார். ஐந்தாவது கட்டம் ஆறுதல்.

ஆகவே வாய் புண்ணானது நோயாளி சுத்தமாக இல்லாததால் என்று யாரும் சொல்லக் கூடாது. நன்றாகப் பல் துலக்கியவருக்கும் புண் வரும். ஆனால் வந்த புண் தொற்றாக மாறாமல் காப்பதில் சுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. புண்ணான வாய் திறந்து கிடக்கும் வாசல் போன்றது. நேற்றுவரை வாயில் சாதுவாக இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளே அந்த வாசல் வழியாக இரத்தத்துக்குள் நுழைந்து உயிருக்கு ஆபத்தான தொற்றை உண்டாக்கக் கூடும். காவலாளிகள் இல்லாத நேரம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

எப்போது வரும், எப்போது ஆறும்?

அதிக அளவு மருந்து தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில் வாய் சிவந்து எரியத் தொடங்கும். இரண்டாவது வாரத்தில் உச்சத்தை அடையும். புதிய மஜ்ஜை வேரூன்றி வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கியதும் புண் ஆறும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் இது நடக்கும்.

உலக சுகாதார நிறுவனம் இந்தப் புண்ணை நான்கு நிலைகளாகப் பிரித்துள்ளது. முதல் நிலையில் சிவப்பும் எரிச்சலும் மட்டும். இரண்டாவதில் புண் இருக்கும், ஆனால் சோறு போன்ற திட உணவு சாப்பிட முடியும். மூன்றாவதில் திரவ உணவு மட்டுமே இறங்கும். நான்காவதில் வாய்வழியாக எதுவும் உட்கொள்ள முடியாது. 'இன்று எந்த நிலை?' என்று குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கலாம். நிலைமை முன்னேறுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை

வேலை சிகிச்சைக்கு முன்பே தொடங்குகிறது. சொத்தைப் பல், சீழ் பிடித்த பல், ஈறு வீக்கம் ஆகியவற்றைப் பல் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அந்தக் காயம் ஆறுவதற்குப் போதிய நாட்கள் வேண்டும். 'முதலில் பெரிய நோயைப் பார்ப்போம், பல்லைப் பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப் போடுவது இங்கே பொருந்தாது.

மெல்ஃபலான் மருந்து ஏற்றும்போது சில மருத்துவமனைகளில் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருக்கச் சொல்வார்கள். மருந்து ஏறுவதற்குச் சற்று முன்பு தொடங்கி, ஏறி முடிந்த பிறகும் சிறிது நேரம் தொடர வேண்டும். குளிர்ச்சியில் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் வாய்த் தோலுக்குப் போய்ச் சேரும் மருந்து குறைகிறது. மெல்ஃபலான் இரத்தத்தில் நீண்ட நேரம் தங்காது என்பதால் இந்தச் சிறிய உபாயம் நல்ல பலன் தருகிறது. சர்வதேச வழிகாட்டுதல்களும் இதைப் பரிந்துரைக்கின்றன. 'சளி பிடிக்கும்' என்று பயந்து பெரியவர்கள் இதைத் தடுத்துவிடக் கூடாது. பனிக்கட்டி மருத்துவமனை தருவதாக மட்டும் இருக்க வேண்டும். சில இடங்களில் குறைந்த சக்தி கொண்ட லேசர் ஒளியாலும் புண்ணைக் குறைக்கிறார்கள்.

அன்றாடப் பராமரிப்பு மிக எளிமையானது. மிகவும் மென்மையான பிரஷ். உப்பு நீர் அல்லது சோடா உப்பு கலந்த நீரால், மருத்துவமனை சொல்லும் அளவில், சில மணி நேரத்துக்கு ஒருமுறை வாய் கொப்பளித்தல். உதடு வெடிக்காமல் பசை தடவுதல். பொய்ப்பல் இருந்தால் கழற்றி வைத்தல். ஆல்கஹால் கலந்த வாய் கழுவும் திரவத்தைத் தவிர்த்தல். தட்டணுக்கள் மிகக் குறைந்து ஈறில் இரத்தம் கசிந்தால் பிரஷுக்குப் பதிலாக வேறு முறையை நர்ஸ் சொல்லித் தருவார். நோயாளிக்கு வாய் திறக்கவே மனமிருக்காது. அருகிலிருப்பவர் பொறுமையாக நினைவூட்டி, கோப்பையை நீட்டி உதவுவதுதான் அந்த நாட்களின் மிகப்பெரிய பணிவிடை.

மிஸ்வாக், தேன், ஜம்ஜம்

வாய் சுத்தத்துக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த முக்கியத்துவத்தை நாம் அனைவரும் அறிவோம். உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அக்கறையினால்தான் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கை அவர்கள் கட்டாயமாக்கவில்லை என்பதும் ஹதீஸில் வருகிறது. மிஸ்வாக்கைச் சிறப்பித்த அதே ஹதீஸிலேயே சிரமப்படுத்தக் கூடாது என்ற பாடமும் இருக்கிறது. மிஸ்வாக் குச்சியின் நார் கரடுமுரடானது. மெலிந்த ஈறில் பட்டால் கீறிவிடும். கிருமி நீக்கம் செய்யப்படாத குச்சியில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதும் தெரியாது. வாயைச் சுத்தமாக வைப்பதே நோக்கம். அந்த நாட்களில் மென்மையான பிரஷும் உப்பு நீரும் அந்த நோக்கத்தை நிறைவேற்றுகின்றன. ஸுன்னத்தைப் பேண வேண்டும் என்ற நிய்யத்தோடு செய்பவரின் கூலியை அல்லாஹ் குறைக்க மாட்டான் என்று நாம் நம்புகிறோம்.

தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டு என்பது குர்ஆன் சொல்லும் உண்மை. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பச்சைத் தேனில் சில பாக்டீரியாக்களின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வெள்ளையணுக்கள் இல்லாத நோயாளி, அந்த விஷயத்தில் பச்சைக் குழந்தையைப் போன்றவர். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுவோரின் வாய்ப்புண்ணுக்குத் தேன் பயன்படுவதாக ஆய்வுகள் உள்ளன. அதை எடுத்து மஜ்ஜை மாற்று நோயாளிக்குப் பொருத்தக் கூடாது. இருவரின் நிலை வேறு. கருஞ்சீரகமும் இப்படித்தான். மூலிகைகள் சில, மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கொடையாளரின் செல்களோடு உடல் ஒத்துப்போகத் தரப்படும் மருந்துகளில் அந்த ஏற்ற இறக்கம் ஆபத்தானது. மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு சிட்டிகைகூடக் கொடுக்க வேண்டாம்.

ஜம்ஜம் பரக்கத்தான தண்ணீர். ஆனால் கேனிலிருந்து பாட்டிலுக்கும் பாட்டிலிலிருந்து டம்ளருக்கும் பல கைகள் மாறி வந்த தண்ணீரில் அந்தக் கைகளின் கிருமிகளும் சேர்ந்திருக்கும். கொதிக்க வைத்து ஆறவைத்த ஜம்ஜம் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடாது என்றால் நீங்கள் அருந்தி நோயாளிக்காக துஆச் செய்யுங்கள்.

ஓதி ஊதிய தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊதும்போது நம் வாயின் நுண்ணுயிர்கள் தண்ணீருக்குள் போகின்றன. நமக்கு அவை தீங்கற்றவை; அவருக்கு அப்படியல்ல. ஷிஃபா கேட்டு ஓதுவதற்கு ஊதுவது நிபந்தனையில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று ஓதலாம். தொலைபேசியில் ஓதிக் கேட்கச் செய்யலாம்.

ஒளூ, தொழுகை, நோன்பு

'வாய் கொப்பளிக்க முடியவில்லை, ஒளூ கூடுமா?' என்று கேட்கிறார்கள். ஒளூவில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் ஸுன்னத். அதை விட்டாலும் ஒளூ கூடும். கொப்பளிக்க முடிந்தால் மருத்துவமனை தரும் சுத்தமான தண்ணீரைப் பயன்படுத்தட்டும். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு; இயலாத நோயாளிக்கு அதிலும் சலுகை உண்டு.

ஈறிலிருந்து இரத்தம் கசிந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளூ முறியாது. ஹனஃபி மத்ஹபில் இரத்தம் உமிழ்நீரை மிகைத்தால் அல்லது அதற்குச் சமமாக இருந்தால் முறியும்; தொடர்ந்து கசிந்துகொண்டே இருந்தால் தங்கடம் உள்ளவர்களுக்கான சட்டம் பொருந்தும். உள்ளூர் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

தயம்முமுக்காக வெளியிலிருந்து மண்ணைத் தனி அறைக்குள் கொண்டு போக வேண்டாம். மண்ணில் பூஞ்சை வித்துகள் இருக்கும்; நுரையீரலுக்குள் போனால் பெரும் ஆபத்து. தயம்மும் தேவைப்படும் நிலை வந்தால் முதலில் மருத்துவரிடமும் பிறகு ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நோயாளி நோன்பைப் பிற்காலத்துக்குத் தள்ளி வைக்க குர்ஆனே அனுமதி தருகிறது. இந்த சிகிச்சையில் இருப்பவர் அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீரும் மருந்தும் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வாயை மேலும் உலர்த்தும்.

பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒரு தோழர் தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், தெரியாததைக் கேட்டு அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள் என்று அபூதாவூத் நூலில் அறிவிக்கப்படுகிறது. நோயாளியின் படுக்கையருகே நின்று மார்க்கம் பேசும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வலி மருந்து ஹராமா?

கடுமையான புண்ணுக்கு மார்ஃபின் கொடுப்பார்கள். 'போதைப் பொருள்' என்று பயந்து சில குடும்பங்கள் வேண்டாம் என்கின்றன. சில நோயாளிகள் வலியைப் பொறுத்துக்கொண்டால் நன்மை என்று மறுக்கிறார்கள். தகுதியான மருத்துவர் தேவையறிந்து, அளவோடு, சிகிச்சையாகக் கொடுக்கும்போது இது அனுமதிக்கப்பட்டது என்பதே மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு. வலி அடங்கினால்தான் நோயாளி வாயைச் சுத்தம் செய்ய விடுவார், தண்ணீர் குடிப்பார், தூங்குவார், தொழுவார். பொறுமை என்பது கிடைக்கும் மருந்தை மறுப்பதில் இல்லை.

வீடு திரும்பிய பின்

வாயின் நுண்ணுயிர்க் குடியிருப்பு பலருக்குச் சில மாதங்களில் பழைய நிலையை நெருங்கிவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொடையாளரின் செல்களைப் பெற்றவர்களில் சிலருக்கு அந்தச் செல்கள் நோயாளியின் உடலையே எதிர்க்கும் நிலை ஏற்படும். வாயில் வெள்ளைக் கோடுகள், வறட்சி, காரம் தாங்காமை, வாய் திறக்கச் சிரமம் ஆகியவை அதன் அடையாளங்களாக இருக்கலாம். இவற்றைச் சாதாரண வாய்ப்புண் என்று நினைத்து மருந்துக்கடையில் ஜெல் வாங்கித் தடவிக்கொண்டிருக்காமல், சிகிச்சை தந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிற்காலத்தில் வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம். எனவே ஆண்டுதோறும் பல் மருத்துவரைப் பார்ப்பதும், புகையிலை, பாக்கு ஆகியவற்றை அறவே விடுவதும் அவசியம். விருந்து வீட்டில் 'ஒரு வெற்றிலை பாக்குதானே' என்று யாரும் வற்புறுத்த வேண்டாம்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அதைக் காக்க மருத்துவர் சொல்லும் கட்டுப்பாட்டை ஏற்பதும் அந்த அமானத்தைப் பேணுவதில் சேரும். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட தேனும் ஜம்ஜமும் வீட்டிலேயே இருக்கட்டும். நோயாளி குணமாகி வரும் நாளில், மருத்துவர் அனுமதித்த பிறகு, குடும்பத்தோடு அமர்ந்து அருந்தலாம், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் குடும்பத்தாருக்கும் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.